அடுத்த வீட்டுப் பிள்ளையை யார் கண்டிப்பது?

அரங்கில் கூடியிருந்தவர்களிடம் ஒரு சின்னக் கேள்வியை வைத்தேன். "மின்தூக்கியில் உங்களோடு வந்த ஒரு பையன், தான் இறங்கும்போது எல்லாத் தளங்களின் பொத்தான்களையும் தட்டிவிட்டு ஓடுகிறான். நீங்கள் என்ன செய்வீர்கள்?"

முதலில் சிரிப்பு எழுந்தது. பிறகு கைகள் எழுந்தன. "ஒன்றும் செய்யமாட்டேன், ஒவ்வொரு தளத்திலும் நின்று நின்று போவேன்" என்றார் ஒருவர். "எங்கள் புளோக் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவேன்" என்றார் ஓர் அம்மா. "கேமராவில் பதிவாகியிருக்கும், நகர மன்றம் பார்த்துக்கொள்ளட்டும்" என்றார் ஓர் இளைஞர். பின்வரிசையில் எழுபதைத் தாண்டிய ஐயா ஒருவர் மட்டும், "கூப்பிட்டு, 'தம்பி, இது நல்லாவா இருக்கு'ன்னு கேட்பேன்" என்றார். பக்கத்தில் இருந்த அவருடைய மனைவி சட்டென்று கையைப் பிடித்தார். "வேண்டாங்க. அவங்க அப்பா சண்டைக்கு வந்துடுவாரு."

அந்த அம்மாவின் பயம் நம்மிடையே எப்போது குடியேறியது? நேயர்களே, இந்த வாரம் நாம் பேசவேண்டியது அதுதான்.

"இந்தக் காலத்துப் பிள்ளைகள் முன்புபோல் இல்லை" என்று ஒவ்வொரு தலைமுறையும் சொல்லி வந்திருக்கிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பிள்ளைகள் ஓடுவார்கள், கத்துவார்கள், வரிசையில் முந்துவார்கள். அன்றும் செய்தார்கள், இன்றும் செய்கிறார்கள். பெரியவர்கள்தான் மாறியிருக்கிறோம். முன்பின் தெரியாத ஒரு பிள்ளையிடம் வாய் திறந்து பேசும் உரிமை நம் கையில் இருந்தது. அது சிங்கப்பூரில் யார் யார் கைக்குப் போனது என்று கொஞ்சம் திரும்பிப் பார்ப்போம்.

அறுபது ஆண்டுகளுக்கு முன்பு நம்மவர்களில் பலர் கம்பத்து வீடுகளிலும் ஊழியர் குடியிருப்புகளிலும் வாழ்ந்தார்கள். என் அத்தை செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில் வளர்ந்தவர். பிரிட்டிஷ் கடற்படைத் தளம் இயங்கிய காலத்தில் தமிழர்களும் மலையாளிகளும் அங்கே பெருமளவில் வேலை பார்த்தார்கள். அடுத்தவர் வீட்டு மாமரத்தில் கல் எறிந்தால் அந்த வீட்டுப் பெரியவர் காதைத் திருகுவாராம். அழுதுகொண்டே வீட்டுக்குப் போனால், "நீ என்ன செஞ்சே?" என்று கேட்டு அம்மா இன்னொன்று வைப்பாராம். காதைத் திருகியவர் வீட்டுக்கு யாரும் சண்டைக்குப் போனதில்லை. போகவும் முடியாது. மறுநாள் காலை அவரும் அப்பாவும் ஒரே பட்டறையில் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை செய்யவேண்டும்.

அந்தக் காலத்தைக் கோயில் கட்டிக் கும்பிடவேண்டியதில்லை. காதைத் திருகிய கைகளெல்லாம் நியாயமான கைகளும் அல்ல. குடித்துவிட்டு வந்த கைகள் இருந்தன. மண்டோர் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு முறைப்பு, கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு இரண்டு அறை என்ற கணக்கும் இருந்தது. இதையும் அத்தைதான் சொன்னார். பழங்காலத்தைப் புகழ வரும் பேச்சாளர்கள் பெரும்பாலும் இந்தப் பகுதியை விட்டுவிடுகிறார்கள்.

இருந்தாலும் அந்த ஏற்பாட்டுக்கு அடியில் ஒன்று இருந்தது. கண்டித்தவருக்குப் பிள்ளையின் பெயர் தெரியும், தகப்பன் பெயர் தெரியும், போன வாரம் அதே பிள்ளை கடைக்கு ஓடிப்போய்ச் சீனி வாங்கித் தந்ததும் தெரியும்.

1960 பிப்ரவரியில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் பிறந்தது. மறு ஆண்டு மே 25ஆம் தேதி புக்கிட் ஹோ சுவீ தீயில் ஏறத்தாழ 16,000 பேர் ஒரே நாளில் வீடிழந்தனர். அடுக்குமாடிக் கட்டடங்கள் வேகமாக எழும்பின. கழகம் தன் முதல் ஐந்தாண்டில் மட்டும் 50,000க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டியது. 1980களின் நடுப்பகுதியில் மக்களில் பத்தில் எட்டுப் பேர் வீவக வீடுகளில் இருந்தார்கள். அப்படி ஒரு சாதனையைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆனால், பிள்ளைகளின் கண்ணோடு பாருங்கள். பக்கவாட்டில் இருந்த அண்டைவீடு தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் போய்விட்டது. கம்பத்து மண்ணில் குதித்தால் சத்தம் மண்ணோடு போகும். ஏழாவது மாடியில் குதித்தால் ஆறாவது மாடிக்காரர் தலையில் விழும். மேல்வீட்டில் கோலி உருளும் சத்தம் கேட்கிறது என்று புலம்பாத வீவக குடும்பம் உண்டா, சொல்லுங்கள்!

மின்தூக்கியையும் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய புளோக்குகளில் அது ஒருசில தளங்களில் மட்டுமே நின்றது. 2001இல் மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் வந்து, படிப்படியாக எல்லாத் தளங்களிலும் நிற்க ஆரம்பித்தது. முதியவர்களுக்கு அது வரம். குறும்புக்காரப் பையனுக்கோ அழுத்துவதற்கு அத்தனை பொத்தான்கள்! அதற்கு முன்பே, 1980களில், மின்தூக்கிக்குள் சிறுநீர் கழிப்பவர்களைப் பிடிக்க ஒரு கருவியைப் பொருத்தினார்கள். அது உணர்ந்துவிட்டால் மின்தூக்கி நின்றுவிடும், கதவு திறக்காது, ஆள் உள்ளேயே மாட்டிக்கொள்வார். பிள்ளைகளைத்தான் எல்லாரும் சந்தேகப்பட்டார்கள். மாட்டியவர்களில் வளர்ந்த ஆண்களும் இருந்தார்கள்.

1970களில், புளோக்கின் கீழ்த்தளத்தை வீடுகள் இல்லாமல் காலியாக விடுவது வழக்கமாயிற்று. கல்யாணம், துக்கம், பிறந்தநாள், சதுரங்கம், அரட்டை எல்லாம் அங்கேதான். தூண்கள் இருக்கின்றன, கூரை இருக்கிறது, மழை படாது. ஒரு பையன் அதைப் பார்த்தால் என்ன நினைப்பான்? கோல் கம்பம் தயார் என்றுதான் நினைப்பான். அதே கீழ்த்தளத்துக்கு மேலே, இரண்டாவது மாடியில் இரவுநேர வேலை முடித்துவந்து தூங்குபவர் இருப்பார். சுவரில் பட்டுப் பட்டுத் திரும்பும் பந்தின் சத்தம் அவருடைய கட்டிலுக்குக் கீழேயே கேட்கும். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது. நடுவில் நின்று பேச ஆள் இல்லை. அந்த இடத்துக்குத்தான் பலகை வந்தது. பந்து விளையாடக்கூடாது, சைக்கிள் ஓட்டக்கூடாது என்று நான்கு மொழிகளில் அது பேசியது.

தீபாவளியையும் இங்கே சொல்லவேண்டும். 1970இல் சீனப் புத்தாண்டின்போது வெடிகளால் உயிர்ச்சேதம் ஏற்பட்டது. அரசாங்கம் முதலில் ஓரளவு தடை விதித்தது. 1972இல் முழுத்தடை வந்தது. நம் பிள்ளைகளின் கையில் கம்பி மத்தாப்பு மட்டும் மிஞ்சியது. அந்தத் தடை சரியானதே; அடுக்குமாடித் தாழ்வாரத்தில் சரவெடியைக் கற்பனை செய்யவே முடியவில்லை. ஆனால், அதற்கு முன்பு "அங்கே கொளுத்தாதே, பாட்டிக்கு உடம்பு சரியில்லை" என்று ஒரு பெரியவர் சொல்லவேண்டியிருந்தது. அதற்குப் பிறகு அதைச் சட்டம் சொல்லியது.

சட்டமும் பலகையும் மட்டும் போதாது என்று தலைவர்களுக்கும் தெரிந்திருந்தது. 1968 அக்டோபர் முதல் நாள் பிரதமர் லீ குவான் இயூ 'சிங்கப்பூரைச் சுத்தமாக வைத்திருப்போம்' இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். பள்ளிகளும் அதில் சேர்க்கப்பட்டன. பதினோரு ஆண்டுகள் கழித்து, 1979 ஜூனில், தேசிய மரியாதை இயக்கம் வந்தது. இதன் பிறப்புக் கதை பலருக்கு மறந்துபோயிருக்கும். 1978இல் சுற்றுப்பயணத் துறைக் கழகம் வெளிநாட்டுப் பயணிகளிடம் இனிமையாகப் பழகச் சொல்லித் தன் துறையினருக்காக ஓர் இயக்கம் நடத்தியது. விருந்தாளியிடம் மட்டும் சிரித்தால் போதுமா, நமக்குள் சிரிக்கவேண்டாமா என்ற எண்ணத்தில் பிரதமர் அதை நாடு முழுவதற்கும் விரிக்கச் சொன்னார். பேருந்தில் இடித்துத் தள்ளுவது, கடைக்காரரின் கடுகடுப்பு, நன்றி சொல்லாத வாய் எல்லாம் பேச்சுக்கு வந்தன. கவனியுங்கள், முதலில் குறி வைக்கப்பட்டவர்கள் பெரியவர்கள்.

அதே 1979இல் ஓங் டெங் சியோங் தலைமையிலான குழு பள்ளிகளில் ஒழுக்கக் கல்வி பற்றி அறிக்கை தந்தது. புதிய பாடத்திட்டங்கள் அதையொட்டி வந்தன. 1982இல் சிங்கா சிங்கம் மரியாதை இயக்கத்தின் சின்னமானது. அதற்கு முன்பு சிரிக்கும் முகம் ஒன்று சின்னமாக இருந்தது. சிங்கத்தைப் பார்த்ததும் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். சுவரொட்டி, ஒட்டுவில்லை, பாட்டு, பள்ளிப் போட்டி என்று எங்கும் சிங்கா. 1980களில் தொடக்கப்பள்ளியில் படித்த எந்தச் சிங்கப்பூரரையும் கேட்டுப்பாருங்கள், அந்தப் பாட்டை இன்றும் முணுமுணுப்பார்.

இங்கேதான் ஒரு சின்னத் திருப்பம் நடந்தது என்று நான் நினைக்கிறேன். பெரியவர்களுக்காகத் தொடங்கிய பாடம் மெல்ல மெல்லப் பிள்ளைகளின் பாடமாகிப்போனது. பிள்ளை வீட்டுக்கு வந்து, "அப்பா, நன்றி சொல்லுங்க" என்றது. அப்பா சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டார். மரியாதை என்பது பள்ளியில் கற்றுத்தரும் ஒன்று, ஆசிரியர் பார்த்துக்கொள்வார் என்ற எண்ணம் நமக்குப் பழகிவிட்டது. இன்றும் ஒரு மாணவர் சீருடையோடு ரயிலில் சத்தம் போட்டால் நம் வாயில் வரும் முதல் வார்த்தை என்ன? "எந்த ஸ்கூல்?" வீட்டைக் கேட்பதில்லை.

1987 நவம்பர் 7ஆம் தேதி எம்ஆர்டி ஓட ஆரம்பித்தது. இயோ சூ காங்கிலிருந்து தோ பாயோ வரை ஐந்தே நிலையங்கள். நாடே குடும்பத்தோடு வேடிக்கை பார்க்கப் போனது. புத்தம்புதிய ரயிலைக் காப்பாற்ற, சாப்பிடக்கூடாது, குடிக்கக்கூடாது, மீறினால் அபராதம் என்ற பலகைகள் முதலிலிருந்தே வந்தன. பிறகு கதவு உணர்கருவிகளில் சிலர் சுவிங்கத்தை ஒட்டிவைக்க, ரயில்கள் தடைபட்டன. 1992 ஜனவரியில் சுவிங்கம் விற்பனைக்கும் இறக்குமதிக்கும் தடை வந்தது. உலகமே சிரித்தது. அந்தத் தடையால் ரயில் நேரத்துக்கு ஓடியது என்பதும் உண்மை.

1994இல் அதைவிடப் பெரிய சத்தம். கார்கள்மீது சாயம் தெளித்த வழக்கில் மைக்கல் ஃபே என்ற 18 வயது அமெரிக்க இளைஞருக்கு 6 பிரம்படி விதிக்கப்பட்டது. அமெரிக்க அதிபர் கிளிண்டன் கேட்டுக்கொண்ட பின்னர் அது 4 ஆகக் குறைந்தது. குறைப்பை வழங்கிய அதிபர் யார் தெரியுமா? 1979இல் ஒழுக்கக் கல்வி அறிக்கை தந்த அதே ஓங் டெங் சியோங்! அறிவுரை ஒரு முனை, பிரம்பு மறுமுனை என்றால், நடுவில் இருந்த பெரிய இடத்தில் நாம் எல்லாரும் கைகட்டி நின்றுகொண்டிருந்தோம்.

அபராதத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அதற்கு மண்டோர் பிள்ளை, கூலிக்காரர் பிள்ளை என்ற வேறுபாடு கிடையாது. என் அத்தை காலத்து அறைகளைவிட அது நேர்மையானது. ஆனால், அது இருக்கும் இடத்தில் பெரியவர்கள் பேசுவதை நிறுத்திவிடுகிறார்கள். "அதுக்குத்தான் ஆள் இருக்காங்களே!" என்ற நினைப்பு வந்துவிடுகிறது.

1997இல் சிங்கப்பூர்க் கனிவன்பு இயக்கம் தொடங்கியது. 2001இல் மரியாதை இயக்கமும் அதில் சேர்ந்தது. இதற்குள் புதிதாக ஒன்று நம் கைப்பைக்குள் வந்திருந்தது, கேமரா வைத்த தொலைபேசி. 2006இல் 'ஸ்டாம்ப்' இணையத்தளம் வந்தது. பொது இடத்தில் கண்டதைப் படமெடுத்து அனுப்பலாம். இருக்கையைக் கொடுக்காத மாணவர், இருக்கைமேல் கால் போட்ட மாணவி, தூங்குவதுபோல் நடிப்பவர் என்று படங்கள் குவிந்தன. எடுத்தவர் அந்தப் பிள்ளையிலிருந்து நான்கடி தூரத்தில் நின்றிருப்பார். "தம்பி, அந்தப் பாட்டிக்குக் கொஞ்சம் இடம் கொடுப்பா" என்று சொல்ல மூன்று விநாடி போதும். படமெடுத்து, தலைப்பு எழுதி, அனுப்ப எவ்வளவு நேரம் ஆகும்?

படம் பொய்யும் சொல்லும். 2014இல் சீருடை அணிந்த ஒரு தேசிய சேவையாளர் மூதாட்டிக்கு இடம் தரவில்லை என்று ஒரு படம் பரவியது. பிறகு வெளிவந்த இன்னொரு படத்தில் அவருக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. அந்த ஆண்டு அந்தத் தளத்தையே மூடச்சொல்லி 20,000க்கும் மேற்பட்டோர் மனுவில் பெயர் சேர்த்தார்கள். அதற்கு முந்திய ஆண்டு, 2013இல், சிங்கா சிங்கம் பதவி விலகியதாகக் கடிதம் எழுதியது உங்களுக்கு நினைவிருக்கலாம். கோபம் மிகுந்த சமூகத்தைப் பார்த்துப் பார்த்துக் களைத்துவிட்டேன் என்பதுதான் அதன் சாரம். கனிவன்பு இயக்கம் செய்த விளம்பர உத்திதான் அது. சிலர் ரசித்தார்கள், சிலர் முகம் சுளித்தார்கள். சிங்கத்தின் களைப்பு மட்டும் பொய்யாகத் தெரியவில்லை.

கேமராவைப் பற்றிப் பேசும்போது இன்னொருவர் குரலையும் கேட்கவேண்டும். எங்கள் அரங்குக்கு வந்த ஒரு தாய்க்கு ஆட்டிசம் உள்ள மகன். வயது 9. பேருந்து திடீரென்று நின்றாலோ யாராவது சத்தமாகப் பேசினாலோ அவன் காதைப் பொத்திக்கொண்டு அலறுவானாம். "என் பிள்ளை கத்துறது எனக்குப் பழகிடுச்சு. பஸ்ல இருக்கிறவங்க போனைத் தூக்குறதுதான் பழகலை" என்றார். அரங்கில் சில விநாடிகள் யாரும் பேசவில்லை. தொகுப்பாளராக அந்த அமைதியை நிரப்புவது என் வேலை, நிரப்பத் தோன்றவில்லை.

இப்படிப்பட்ட பிள்ளைகள் முன்பு பொது இடங்களில் நம் கண்ணில் அதிகம் படவில்லை. பலர் வீட்டுக்குள்ளேயே வைக்கப்பட்டிருந்தார்கள். 2004இல் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காகப் பாத்லைட் பள்ளி தொடங்கியது. 2019இலிருந்து சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கும் கட்டாயக் கல்விச் சட்டம் பொருந்துகிறது. அவர்கள் நம்மோடு பேருந்தில் வருகிறார்கள், உணவங்காடி நிலையத்தில் சாப்பிடுகிறார்கள். எந்தப் பிள்ளை அடம்பிடிக்கிறது, எந்தப் பிள்ளை தவிக்கிறது என்று தூரத்திலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. கிட்டே போய், "அம்மா, ஏதாவது உதவி வேணுமா?" என்று கேட்டால் ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

நேயர்கள் சிலர் கேட்கலாம்: "நாங்கள் பேசத் தயார், பெற்றோர் கேட்கத் தயாரா?" நியாயமான கேள்விதான். ஒரே பிள்ளை, இரண்டு பிள்ளை என்று வளர்க்கும் பெற்றோருக்குப் பிள்ளைமேல் வரும் சிறு சொல்லும் தங்கள்மேல் வந்த குற்றச்சாட்டாகவே படுகிறது. வேலை முடிந்து களைத்து வரும்போது, முன்பின் தெரியாத ஒருவர் வந்து, "பிள்ளையை ஒழுங்கா வளர்க்கத் தெரியாதா?" என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? கண்டிக்கும் நம்மவர்களும் பிள்ளையிடம் பேசுவதை விட்டுவிட்டு நேராகத் தாயின் வளர்ப்பைத்தான் பிடித்துக்கொள்கிறோம். அதிலும், தாயை மட்டும். பக்கத்தில் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு நிற்கும் தகப்பனை யாரும் எதுவும் கேட்பதில்லை!

பேச்சு முறிந்தவர்களுக்காக அரசாங்கம் வழி செய்திருக்கிறது. 1998இல் சமூக சமரச நிலையம் வந்தது. 2015இல் அண்டைவீட்டார் பூசலை விசாரிக்கத் தனி நடுவர் மன்றம் வந்தது. 2022இல் குடியிருப்புப் பேட்டைகளின் இரைச்சல் பற்றி ஆராய ஆலோசனைக் குழு அமைந்தது, இரவு 10.30 மணி முதல் காலை 7 மணி வரை என்றிருந்த அமைதி நேரத்தை 10 மணி முதல் 8 மணி வரை நீட்டிக்கலாம் என்று அது பரிந்துரைத்தது. மேல்வீட்டுப் பிள்ளை ஓடும் சத்தம் நடுவர் மன்றம் வரை போகிறது என்றால், அதற்கு முன்பு எத்தனை முறை கதவைத் தட்டியிருப்பார்கள்? தட்டினார்களா?

2016இல் குவீன்ஸ்டவுன் வட்டாரத்தில், மெய் லிங் ஸ்திரீட் புளோக் ஒன்றின் கீழ்த்தளத்தில் பந்து விளையாட முடியாதபடி உலோகத் தடுப்புகள் வைக்கப்பட்டன. புகார்கள் வந்தன, அதனால் வைத்தார்கள். முதியவர்மேல் பந்து பட்டால் யார் பொறுப்பு என்ற கவலையைத் தள்ளிவிட முடியாது. படம் செய்திகளில் வந்ததும் விவாதம் கிளம்பியது. தூண்களுக்கு நடுவே கம்பிகள் நிற்கும் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் பலர், இதே கீழ்த்தளத்தில் பந்து உதைத்து வளர்ந்தவர்கள். அந்தத் தடுப்புகள் பின்னர் அகற்றப்பட்டன.

அங்கே பந்து உதைத்த பையன்களிடம், தடுப்பு வருவதற்கு முன்பு யாராவது உட்கார்ந்து பேசினார்களா? "சாயங்காலம் ஆறிலிருந்து ஏழரை வரை ஆடுங்க, ரப்பர் பந்து வெச்சுக்குங்க, அந்தத் தாத்தா வெளியே வரும்போது நிறுத்துங்க" என்று சொல்லியிருந்தால் அவர்கள் கேட்டிருப்பார்களா, மாட்டார்களா? உங்கள் புளோக்கிலும் இப்படி ஒரு பந்து இருக்கும். யாராவது பேசிப் பார்த்திருந்தால், என்ன சொன்னீர்கள், பையன்கள் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். அடுத்த அரங்கில் அதை வைத்தே தொடங்கலாம்.